தேயாத இசைத்தட்டு

"பேயி பாடுச்சா?"

"பாடுச்சுன்னு நான் எப்ப சொன்னேன்? பாட்டுல பேயி கீதுன்னுதான சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமு. இன்னா பாட்டு அது? அத்த மொதல்ல சொல்லு."

"ஜெர்மன் பாட்டு."

பெஞ்சு குலுங்கச் சிரித்தான் பாஸ்கர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

"வெள்ளக்காரப் பேயா? ராயபுரத்துல? சுங்கத்துல வரி கட்டிட்டு எறங்குச்சா, இல்ல கள்ளத்தனமா வந்துச்சா?"

"சிரிக்காதடா," என்றாள் கன்னியம்மா. டீக்கடை அவளுடையது. "கரெண்டு இல்லாத நேரத்துல பேயப் பத்திச் சிரிக்கக் கூடாது. நீ சொல்லு கருணாகரா."

காசிமேட்டுக் கரையில் மூன்று நாளாக மழை. கட்டுமரங்களையெல்லாம் மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள். கடைக்கு முன்னால் கோணித் திரை. உள்ளே ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. கருணாகரனுக்குக் கடலுக்குப் போக வழியில்லை, பாஸ்கருக்கு வேலைக்குப் போக வழியில்லை, கன்னியம்மாவுக்குக் கடையைச் சாத்த மனசில்லை. பேச்சு எப்படியோ பேயில் வந்து நின்றிருந்தது.

"நம்ம அய்யாத்துரை இல்ல, வண்ணாரப்பேட்டை மொளகா மண்டிக்காரன்... அவன் சித்தி பொண்ணுக்கு நடந்தது இது. இன்னிக்கு அவன் வரல, அதனால சொல்றேன். அவன் இருந்தா சொல்ல வுடமாட்டான்."

கருணாகரன் பீடியை அணைத்தான்.

"மணி மூணு. ராத்திரி இல்ல... பகல் மூணு."

"பகல்லயா?" என்றான் பாஸ்கர். ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி. துறைமுகச் சுவரை ஒட்டி வடக்கே போகிற சாலை. மற்ற நாட்களில் அங்கே நிலக்கரி வேகன்கள் இடித்துக்கொள்ளும். கைவண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் வைது தள்ளுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு ஈ காக்கை இருக்காது. கிரேன்கள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். நடந்தால் நம் செருப்புச் சத்தம் சுவரில் பட்டு நமக்குப் பின்னாலிருந்து வரும்.

அந்தச் சாலையில் அய்யாத்துரையின் சித்தி மகள் தேவகிருபை தனியாக நடந்து போனாள். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து எட்டு, ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் மிளகாய் மண்டி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு ஜெர்மன்காரம்மா அவளுக்குப் பியானோவும் தன் பாஷையும் சொல்லிக் கொடுத்தாள். சண்டை வந்ததும் எதிரி நாட்டுக்காரி என்று அந்த அம்மாவை எங்கோ முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாஷை மட்டும் தேவகிருபையிடம் தங்கிவிட்டது.

அதனால்தான் அவளை நீதிபதியாகப் போட்டிருந்தார்கள். கோர்ட்டு நீதிபதி இல்லை. பாட்டு நீதிபதி.

பட்டணத்தில் ஒரு சங்கீத சங்கம் போட்டி வைத்திருந்தது. ஜெர்மன்காரர்களின் பாட்டில் ஒரு வகை உண்டு. ஒருவர் பாட வேண்டும், ஒருவர் பியானோ வாசிக்க வேண்டும். வேறு யாரும் கிடையாது. அதில் பியானோ பின்னால் ஒத்து ஊதுகிற சமாசாரம் இல்லை. பாட்டில் சரிபாதி அது. போட்டிக்கு எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாட வேண்டும். பாடி, இசைத்தட்டில் பதிந்து அனுப்ப வேண்டும். தட்டின் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். ஜெயிக்கிறவருக்கு ஜெர்மனிக்குக் கப்பல் டிக்கெட். அங்கே இரண்டு வருஷம் படிப்பு.

பாட்டு இதுதான். ஒரு பெண் ஆற்றங்கரையில் நிற்கிறாள். இருட்டப் போகிறது. அக்கரையில் இருக்கிற ஓடக்காரனைக் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான். பியானோதான் ஆறு. அவள் கூப்பிட்டு முடித்த பிறகும் பியானோ கொஞ்ச நேரம் தனியாக ஓடும். ஓடம் வந்ததா இல்லையா என்று பாட்டில் கிடையாது.

("அப்ப கூப்ட்டவ கதி?" என்றாள் கன்னியம்மா.

"அத்தான் பாட்டுல இல்லன்றேனே.")

கேட்கிற இடம் ரோஷன் அம்மாவின் வீட்டு மாடி. ரோஷன் ராயபுரத்துப் பார்சிக்காரி. புருஷன் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்து சம்பாதித்து, மாடியும் பியானோவும், ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பெரிய ரேடியோகிராமும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது நீதிபதி ஜேக்கப் சார், சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் குரலுக்கு மார்க் போடுவார், ரோஷன் பியானோவுக்கு, தேவகிருபை உச்சரிப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால்தான் துறைமுகச் சத்தம் இல்லாமல் கேட்க முடியும்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தட்டுகள் கடையில் விற்கிற தட்டு மாதிரி கெட்டி இல்லை. பாடப் பாட நேராக வெட்டி எடுக்கிறவை. தகட்டின் மேல் வழவழவென்று ஒரு கறுப்புப் பூச்சு, அவ்வளவுதான். உறையைத் திறந்தால் விளக்கெண்ணெய் வாசனை அடிக்கும். அந்தப் பூச்சில்தான் குரல் இருக்கிறது. வைக்க வைக்கத் தேயும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் ஊசி குரலில் கொஞ்சத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். இன்னொரு பிரதி கிடையாது. அதனால் ரோஷனின் ரேடியோகிராமில் மட்டும்தான் வைப்பார்கள். அதன் ஊசி பூ மாதிரி இறங்கும்.

நான்காம் எண் தட்டு ஓட ஆரம்பித்தபோது தேவகிருபை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. அது அவள் தங்கை செல்லக்கனியின் குரல். குளிக்கும்போதும் மாடிப்படியில் ஏறும்போதும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்து விளையாடும்போதும் பத்தொன்பது வருஷமாகக் கேட்ட குரல். தங்கை போட்டியில் இருக்கிறாள் என்று தேவகிருபை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொல்வார்கள்.

"நல்ல பொண்ணு," என்றாள் ரோஷன். "மூச்சு கொஞ்சம் அவசரப்படுது. ஆனா நல்ல பொண்ணு."

"இதுவரைக்கும் இதுதான் முதல்," என்றார் ஜேக்கப்.

பிறகு ஏழாம் எண்.

பியானோ தொடங்கியது. தண்ணீர் கருக்கலில் நகர்கிற மாதிரி. அப்புறம் அந்தக் குரல். சத்தமாக இல்லை... பெரிய குரலும் இல்லை. ஆனால் அவள் கூப்பிட்டபோது மூன்று பேருக்கும் ஒரே எண்ணம் வந்தது. அக்கரை என்பது இந்த அறைதான். நம்மைத்தான் கூப்பிடுகிறாள்.

தட்டு நின்ற பிறகு ஜேக்கப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"யாரு மேடம் இது? மெட்ராஸ்ல இப்படி ஒருத்தி இருக்காளா?"

"தெரியல. இதுக்கு மேல யாரும் இல்ல, அது தெரியும்," என்றாள் ரோஷன். "ஆனா இன்னிக்கு எழுத வேணாம். நாலும் ஏழும் அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை. அப்பறம் முடிவு. கிருபா, நான் நாளைக்கு பெங்களூர் போறேன், தங்கச்சி வூட்ல கல்யாணம். சாவி நீ வெச்சுக்கோ. எப்பவும் போல மத்தியானம் வந்து பியானோ வாசி. தட்டெல்லாம் அலமாரில இருக்கு."

படியிறங்கும்போது ரோஷன் நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"அலமாரி மேல என் ஹஸ்பண்டோட பழைய கிராமபோன் இருக்கு பாரு, சாவி குடுக்குறது... வேலைக்காரங்க யாரும் தட்ட அதுல வெச்சிடாம பாத்துக்கோ. இரும்பு ஊசி. பத்து தடவைல தின்னுடும். தேஞ்ச தட்டுக்கு நாம மார்க் போட முடியாது."

*

வீட்டில் அப்பா சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி கிருபை, முடிவு என்னைக்குச் சொல்லுதாக?"

"வார ஞாயித்துக்கிழமைப்பா."

"கெடைச்சா கப்பல். கெடைக்கலன்னா தைல கனிக்குக் கல்யாணம். தூத்துக்குடிக்காரங்ககிட்ட நான் வாக்குக் கொடுத்தாச்சு, கேட்டியா? நல்ல எடம். உப்பளமே எத்தனை இருக்கு! ஆனா ஒண்ணு, மருமக வீட்டுக்குள்ள பாடிட்டுத் திரியக் கூடாதுன்னு சொல்லிட்டாக. கோயில்ல நாலு பேரோட சேர்ந்து பாடலாம், அது போதும்னுட்டாக."

செல்லக்கனி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு படுக்கையில் அக்காவின் காதில் கேட்டாள்:

"அக்கா, கப்பல்ல வாந்தி வருமா?"

"வந்தா எடு."

"எடுத்துக்கிட்டே போவேன் ஜெர்மனிக்கு." சிரித்தாள். "உனக்கு ஒரு சின்னப் பியானோ வாங்கிட்டு வாரேன். சட்டைப் பையில போட்டுக்கிற மாதிரி."

அவள் தூங்கிவிட்டாள். தேவகிருபைக்குத் தூக்கம் வரவில்லை. ஏழாம் எண்காரி யாரோ. அவ்வளவு பாடத் தெரிந்தவளுக்கு இந்த டிக்கெட் இல்லாவிட்டால் இன்னொரு டிக்கெட் கிடைக்கும். கனிக்கு இது ஒன்றுதான். இப்படியே சுற்றிச் சுற்றி நினைத்தாள். விடிவதற்கு முன்னால் மனசு ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பத்து தடவையில் தின்றுவிடும்.

*

திங்கட்கிழமை மத்தியானம் அந்தக் காலி வீட்டின் மாடிக்கு ஏறினாள். பியானோவைத் திறக்கவில்லை. பழைய கிராமபோனை இறக்கித் தூசி தட்டினாள். சாவி கொடுத்தாள். கிர்... கிர்... கிர்... புது இரும்பு ஊசி ஒன்றைத் திருகினாள். ஏழாம் எண் தட்டை வைத்தாள்.

இரும்பு ஊசி இந்தப் பூச்சில் ஓடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஊசி முனையில் கறுப்புத் தூள் சேரும். குரலுக்கு மேல் பொரி பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல் கிளம்பும். வைக்க வைக்க இரைச்சல் ஏறும், குரல் அமுங்கும்.

முதல் தடவை. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை.

இரைச்சல் ஏறவில்லை... குறைந்தது.

ஊசியைத் தூக்கிப் பார்த்தாள். முனையில் தூள் இல்லை. விரலால் தொட்டாள். லேசான சூடு மட்டும் இருந்தது. மறுபடி வைத்தாள். ஒரு மெல்லிய துணியை யாரோ விலக்கின மாதிரி குரல் தெளிந்திருந்தது. குரலுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம். பியானோ இல்லை, நிஜத் தண்ணீர். கடலாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினாள். கடல் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

பிடிவாதத்தில் திரும்பத் திரும்ப வைத்தாள். பூச்சு எதனால் செய்ததோ, கெட்டியாக இருக்கிறது, நாளைக்குத் தேயும் என்று சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் செல்லக்கனிக்குக் குரல் கம்மியிருந்தது.

"மொளகா நெடிட்டி," என்றார் அப்பா. "லோடு எறங்குற நேரத்துல வாயப் பொளந்துக்கிட்டு வாசல்ல நின்னா? சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் குடி."

செவ்வாய்க்கிழமை. ஏழாம் எண். பியானோக்காரர் நாற்காலியில் அசைகிற சத்தம் கேட்டது. தாள் திருப்புகிற சத்தம் கேட்டது. போன ஞாயிறு இதெல்லாம் இல்லை. அப்புறம் வரிகளுக்கு நடுவில், பாடுகிறவள் மூச்சு வாங்குகிற இடங்களில்... சொட்டு. சொட்டு. சொட்டு. நனைந்த துணியிலிருந்து பலகைத் தரையில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி.

ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் அந்தச் சொட்டு பக்கத்தில் வந்தது. முதலில் அறைக்கு அந்தப் பக்கச் சுவரில் கேட்டது. அப்புறம் பியானோவுக்கு அருகில். அப்புறம் கிராமபோனின் குழலுக்குள்ளேயே.

வாசனையும் மாறியிருந்தது. விளக்கெண்ணெய் போய்விட்டது. ராயபுரத்தில் மூச்சு இழுத்தால் உப்பும் கரியும் மீனும்தான் வரும். இது வேறு. பாசி பிடித்த படித்துறையின் வாசனை... நல்ல தண்ணீர் வாசனை. இந்தப் பக்கம் எங்கே ஆறு இருக்கிறது?

அன்றைக்கு டாக்டர் வந்து செல்லக்கனியின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டை சுத்தமாக இருக்கிறது, ஒரு சிவப்புக்கூட இல்லை என்றார். அவர் போன பிறகு செல்லக்கனி அக்காவின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். குரல் காற்றாக வந்தது.

"அக்கா... மத்தியானம் ஆனா யாரோ கூப்பிடுதாக. ரொம்பத் தூரத்துல இருந்து."

"யாரு?"

"தெரியல. பாவமா இருக்கு. நான் என்னன்னு கேக்கேன். கேக்கக் கேக்கக் குரல் அடைச்சுக்கிட்டே போகுது."

*

"அய்யய்யோ!" கன்னியம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். "யாருன்னு தெரியாம பதிலு குடுக்கலாமா? அறிவு கெட்ட பொண்ணு."

"அது கொயந்த. அதுக்கு இன்னா தெரியும்?" என்றான் பாஸ்கர். எப்போதோ எழுந்து வந்து விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "பெரியவ இன்னாத்துக்கு மறுபடி அங்க போறா? அத்தச் சொல்லு. அத்தோட வுட வேண்டியதுதான?"

"வுட்டா தங்கச்சி உப்பளத்துக்குப் போவணும்."

"வுடாங்காட்டி?"

கோணித் திரையைக் காற்று உள்ளே தள்ளி வெளியே இழுத்தது.

*

புதன்கிழமை விடிந்தபோது செல்லக்கனிக்குக் குரலே இல்லை. காற்றும் இல்லை. வாயைத் திறந்தாள், உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. அழுதாள். அழுகையிலும் சத்தம் இல்லை. அப்பா பயந்துபோய்ச் சர்ச்சுக்கு ஆள் அனுப்பினார்.

தேவகிருபை மத்தியானம் வரை தங்கையின் பக்கத்தில் இருந்தாள். மூன்று மணிக்கு எழுந்தாள். ஏழாம் எண்ணைத் தொடப் போவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். ஒரே ஒரு தடவை கனியின் தட்டைக் கேட்டுவிட வேண்டும். ரேடியோகிராமில், பூ மாதிரி ஊசியில். அந்தக் குரல் எங்கேயும் போகவில்லை, அங்கே பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. துறைமுகச் சாலையில் வேலைநாள் கூட்டம் இருந்தது. ஆனால் யாரும் யாரையும் வையவில்லை. எல்லாரும் மழைக்கு முன்னால் போய்ச் சேர ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மாடியில் அலமாரியைத் திறந்தாள். நான்காம் எண்ணின் உறையை எடுத்தாள். உறையின் அடியிலிருந்து என்னவோ கொட்டியது. பாதத்தில் விழுந்தது.

கறுப்புத் தூள்.

மாவு மாதிரி நைசான தூள். உறைக்குள் ஒரு கைப்பிடி இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தத் தட்டை யாரும் தொடவில்லை. அவள் தொடவில்லை. தட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். கறுப்பு போய், முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது.

ரேடியோகிராமில் வைத்தாள்.

பியானோ கேட்டது. தேயாமல், பிசகாமல், ஞாயிற்றுக்கிழமை கேட்ட அதே பியானோ. முன்பகுதி வாசித்து முடித்தது. பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் அடங்கி வழிவிட்டது.

குரல் இல்லை.

பியானோ காத்திருந்தது. ஒரு வரி வாசித்தது. மறுபடி அடங்கி, மறுபடி வழிவிட்டது. எதிரில் யாரோ நின்று பாடிக்கொண்டிருக்கிற மாதிரி, அவளுடைய அவசர மூச்சுக்கெல்லாம் இடம் கொடுத்து, கடைசி வரைக்கும்... காலி இடத்துக்கு வாசித்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு நாளாகச் சுரண்டினது ஊசிதான். சுரண்டப்பட்டது வேறு தட்டு.

கரண்டு போயிற்று. ரேடியோகிராம் மூச்சை விட்டுவிட்டு நின்றது. ஜன்னலில் மழை விழுந்தது.

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் அவள் போகவில்லை. குரல் இதில் இல்லையென்றால் இன்னொன்றில் இருக்க வேண்டும். எடுத்தது அங்கேதான் இருக்கும். ஏழாம் எண்ணை எடுத்தாள். தட்டு கனமாக இருந்தது... நேற்றைவிடக் கனமாக. ஈரமாக இருந்தது. சேலையில் துடைத்துப் பழைய கிராமபோனில் வைத்தாள். சாவி கொடுத்தாள். கிர்... கிர்... கிர்... ஊசியை இறக்கினாள்.

ஆறு ஓடத் தொடங்கியது.

பாடினது செல்லக்கனி.

இந்தப் பாட்டை அவள் இப்படிப் பாடினதே இல்லை. மூச்சில் அவசரம் இல்லை. ஜெர்மன் வார்த்தை ஒவ்வொன்றும் தேவகிருபை நாள் கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் வராத சுத்தத்தில் வந்தது. ஓடக்காரனைக் கூப்பிட்டாள். அந்தக் கூப்பிடலில் கிராமபோனின் மரப்பெட்டி அதிர்ந்தது. சொட்டுச் சத்தத்தைக் காணவில்லை. அந்த இன்னொருத்தியையும் காணவில்லை. எங்கே போனாள் என்று தேவகிருபை யோசித்தாள். யோசித்தவுடன், வண்ணாரப்பேட்டை வீட்டில் வாயை அசைத்துக்கொண்டு படுத்திருக்கிறவளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பாட்டு முடிந்தது. பியானோ மட்டும் தனியாக ஓடியது. இந்த இடத்தில் கொஞ்ச நேரம்தான் ஓட வேண்டும். ஓடி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

கிராமபோனுக்குள் சாவி முறுக்கின சுருள்வில் தளர ஆரம்பித்தது. சுருதி இறங்கியது. ஆறு கனத்து, மெதுவாகி, கலங்கியது. தேவகிருபை பாய்ந்து சாவியைப் பிடித்தாள். ஒரு கையால் சுற்றினாள். கிர்... கிர்... ஆறு மறுபடி ஓடியது. ஊசி நடுவில் ஒட்டியிருக்கிற காகிதத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு விரல் அகலம் இருந்தது. அப்புறம் அரை விரல். அப்புறம் நகக்கண் அளவு.

அந்தக் காகிதத்தைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறுத்திவிடலாம். நிறுத்தினால் எது நிற்கும் என்றும் தெரியவில்லை. வலது கை சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கையைக் கொண்டுபோய் ஊசிக்கையின் அடியில் விரலைக் கொடுத்தாள். தூக்குகிற நேரம்.

பியானோ கொஞ்சம் அடங்கியது. யாருக்கோ வழிவிடுகிற மாதிரி.

குழலுக்குள் ஒரு மூச்சு. சின்ன, அவசர மூச்சு. அப்புறம் ஜெர்மன் இல்லை... பாட்டும் இல்லை. இருட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு காதில் பேசுகிற அதே குரல், தண்ணீருக்கு நடுவிலிருந்து:

"அக்கா... கரை இன்னும் வரல. ஊசிய எடுத்துராதக்கா."